சென்னை வேலையா, கல்லூரி வகுப்பறையா? குடியாத்தத்து அண்ணனுக்கு ஒரு பதில்

அண்ணா, போன ஞாயிற்றுக்கிழமை காட்பாடியில் என் அறைக்கு வந்தபோது நீங்கள் சரியாக உட்காரக்கூட இல்லை. "எம்.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடிச்சிட்டு, சென்னையில வேலையும் கெடச்சி, காலேஜ்ல பாடம் எடுக்கப் போறேன்னு நிக்குது சார். இன்னா சார் இது?" என்றீர்கள். வெளியே மூன்று பேர் காத்திருந்தார்கள், விரிவாகப் பேச முடியவில்லை. அதனால் எழுதுகிறேன். உங்கள் மகள் பாப்பாவும் படிக்கட்டும்.

உங்கள் பயம் சம்பளம்தான், அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன். அரசுக் கல்லூரியிலோ உதவி பெறும் கல்லூரியிலோ நிரந்தர உதவிப் பேராசிரியர் ஆனால் அடிப்படைச் சம்பளமே 57,700 ரூபாய். படிகள் தனி. அதே அரசுக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர் என்றால் 2024 கணக்குப்படி மாதம் 25,000 ரூபாய், நிரந்தரம் கிடையாது. சுயநிதிக் கல்லூரிகளில் அதற்கும் கீழே இறங்கும். வகுப்பு ஒன்றுதான், கரும்பலகை ஒன்றுதான், கைக்கு வரும் காசு மட்டும் மூன்று விதம். உங்கள் ஊர் திருமகள் ஆலைக் கல்லூரியிலேயே விசாரித்துப் பாருங்கள், நிரந்தரத்தில் இருப்பவரும் கௌரவத்தில் இருப்பவரும் ஒரே துறையில் அடுத்தடுத்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள்.

முனைவர் பட்டம் இல்லாதவர்கள், கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வுகளான நெட் அல்லது செட்டில் தேறாமல் அந்த முதல் நாற்காலிக்குப் போக முடியாது. 2023 ஜூலையில் பல்கலைக்கழக மானியக் குழு (யூ.ஜி.சி.) கொண்டுவந்த திருத்தப்படி உதவிப் பேராசிரியர் பணிக்கு முனைவர் பட்டம் கட்டாயம் இல்லை, நெட்டோ செட்டோ இருந்தால் போதும். நெட் இந்தியா முழுவதும் செல்லும், தமிழ்நாட்டுச் செட் தமிழ்நாட்டுக்குள் மட்டும். நெட்டில் முதல் தாள் 50 கேள்வி, எல்லாப் பாடத்தாருக்கும் பொது. இரண்டாம் தாள் 100 கேள்வி, நம் பாடம். மூன்று மணி நேரம், மொத்தம் 300 மதிப்பெண். தப்பான விடைக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள், ஒரு கேள்வியையும் விடக்கூடாது. கம்ப்யூட்டர் பிள்ளைகள் கோட்டை விடுவது பெரும்பாலும் முதல் தாளில். "கற்பித்தல் திறன் தானே, பார்த்துக்கலாம்" என்று போய் உட்காருவார்கள்.

பொறியியல் கல்லூரிப் பக்கம் ஆசைப்பட வேண்டாம். அங்கே கம்ப்யூட்டர் சயின்ஸ் துறைக்கு பி.இ., எம்.இ. கேட்பார்கள். பாப்பாவுக்குத் திறந்திருப்பது கலை அறிவியல் கல்லூரிகளின் பி.எஸ்சி., பி.சி.ஏ. வகுப்புகள். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மூன்று மாவட்டத்திலும் சேர்க்காட்டுத் திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தின் கீழ் அவை நிறைய இருக்கின்றன.

சரி, அவளுக்கு இந்த வேலை வருமா? நான் வேலூரில் 11 ஆண்டு பி.சி.ஏ. வகுப்பு எடுத்தவன். முதல் செமஸ்டர் சி மொழி லேப்பில் ஒரு பையன், பிபனாச்சி வரிசைக்கான (முந்தைய இரண்டு எண்ணைக் கூட்டினால் அடுத்த எண்) புரோகிராமைக் கடகடவென்று அடித்தான். அவுட்புட் சரி. "முதல் எண்ணை 0-க்குப் பதில் 3 ஆக்கு" என்றேன். கை நின்றுவிட்டது. மொத்தத்தையும் செய்யுள் மாதிரி மனப்பாடம் செய்திருந்தான். மார்க் போட்டேன், அவனுக்கு ஒன்றும் தெரியாது என்று தெரிந்தேதான் போட்டேன். நான் இரண்டு மாதமாக என்ன நடத்தினேன் என்று அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

"நம்ம ஊர்ப் பசங்களுக்கு இது ஏறாது சார்" என்றீர்கள் இல்லையா, அது தப்பு. 2001-இல் பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து நான்கு பல்கலைக்கழகங்களில், முதல் புரோகிராமிங் பாடம் முடித்த 216 மாணவர்களுக்கு ஒரு சோதனை வைத்தார்கள். 110-க்குச் சராசரி 23-ஐக்கூடத் தொடவில்லை. வெளிநாட்டுப் பிள்ளைகளும் இப்படித்தான் திணறியிருக்கிறார்கள். நம் பிள்ளைகளுக்கு மேலே இன்னொரு சுமையும் உண்டு. பிளஸ் ஒன்னில் சி++, பிளஸ் டூவில் பைத்தான் என்று தமிழ் வழியில் படித்துவிட்டு வருவார்கள். 'மாறி' தெரியும், 'மடக்கு' தெரியும். கல்லூரியில் முதல் நாள் 'வேரியபிள்', 'லூப்' என்றதும் ஏதோ புதுப்பாடம் என்று மிரண்டுபோவார்கள். "இது நீ படிச்ச மாறிதான்டா" என்று ஒரு வார்த்தை சொல்ல ஆள் வேண்டும்.

அன்று பாப்பாவிடம் நான் கேட்டது ஞாபகம் இருக்கிறதா? 'ஐ = ஐ + 1' என்ற புரோகிராம் வரியை அப்பாவுக்குப் புரிய வை என்றேன். கணக்கு வாசனை உள்ள பிள்ளைகள் முட்டிக்கொள்கிற இடம் அது. ஒரு எண்ணும் அதோடு ஒன்று கூட்டியதும் எப்படிச் சமமாகும்? முதலில் அவள் "வேல்யூ அசைன் ஆகுதுப்பா" என்றாள். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "ஒவ்வொரு லுங்கி அறுத்ததும் தறிக்காலுல சாக்கட்டியால நம்பர் போடுவியேப்பா. 7-ஐ அழிச்சிட்டு 8 எழுதுவ. எழுதறதுக்கு முன்னால பழைய 7-ஐப் பாத்துத்தானே ஒண்ணு கூட்டற? அதுதான் இது. வலப்பக்கம் பாக்கறது, இடப்பக்கம் அழிச்சி எழுதறது" என்றாள். நீங்கள் "அட, அவ்வளவுதானா" என்றீர்கள்.

அந்தக் கொஞ்ச நேர மௌனத்துக்காகத்தான் இந்தக் கடிதமே எழுதுகிறேன். தெரிந்ததைச் சொல்லிவிட்டு நகர்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். எதிரே இருப்பவர் முகத்தைப் பார்த்துச் சொன்னதையே கலைத்துவிட்டு வேறு வழி தேடுகிறவர்கள் குறைவு. இப்போதோ மாணவன் சாட்ஜிபிடியிடம் கேட்டால் புரோகிராம் அரை நிமிடத்தில் வந்துவிடும். எழுதித் தருவதற்கு வாத்தியார் வேண்டாம், வந்ததை வரி வரியாகப் படிக்க வைக்கத்தான் வேண்டும்.

ஆனாலும் நான் சொல்வது அவளுக்குப் பிடிக்காமல் போகலாம். சென்னை வேலைக்குப் போகட்டும். நெட் கையில் இல்லாமல் இப்போதே சுயநிதிக் கல்லூரியில் சேர்ந்தால் வகுப்பு, பேப்பர் திருத்தல், அட்மிஷனுக்கு வீடு வீடாகப் போவது என்று நாள் ஓடிவிடும், படிக்க நேரம் இருக்காது. நான் அப்படி மாட்டியவன். நான் சேர்ந்த முதல் கல்லூரியில் என் அசல் சான்றிதழ்களை வாங்கிப் பீரோவில் வைத்துக்கொண்டார்கள், திரும்ப வாங்க ஏழு மாதம் அலைந்தேன். எங்கே சேர்ந்தாலும் அசலைக் காட்டிவிட்டு அப்போதே திரும்ப வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். சென்னையில் இருந்துகொண்டே ஜூன், டிசம்பர் என்று நெட் எழுதட்டும். தேறியதும் வேலையை விடட்டும், அன்றைக்கு நீங்கள் குறுக்கே நிற்கக்கூடாது. நெட்டிலேயே ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகைக்கும் தேறினால் இன்னும் நல்லது, முனைவர் பட்டம் படிக்கும்போது முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை.

ஊருக்கு வருகிற ஞாயிற்றுக்கிழமைகளில் தெருவில் இரண்டு முதலாண்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தரச் சொல்லுங்கள், காசு வாங்காமல். ஒரே நிபந்தனை: அவள் கீபோர்டைத் தொடக்கூடாது. தப்பைப் பார்த்ததும் பிடுங்கித் தானே அடித்துக் கொடுக்கும் பழக்கம் எனக்கு நான்கு ஆண்டு இருந்தது.

கடைசியாக உங்களுக்கு ஒரு வேலை. நீங்கள் மஞ்சப் பையில் கொண்டுவந்த சாதிச் சான்றிதழ் மாநில அரசுக்குத்தான் செல்லும். நெட்டில் ஓ.பி.சி. சலுகைக்கு மத்திய அரசு படிவத்தில் தனிச் சான்றிதழ் வேண்டும், வருமான விவரத்தோடு. நிறையப் பேர் இதைக் கடைசி வாரத்தில்தான் கண்டுபிடிக்கிறார்கள். இந்த வாரமே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடுங்கள், தாலுகா ஆபீசில் நாள் ஆகும்.