வாகனம் – கேள்வி பதில்: சேறு மூடும் முன்கண்ணாடி

கேள்வி: நான்கு சக்கர இயக்கம் உள்ள ஜீப் ஒன்றை வைத்திருக்கிறேன். தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் தேயிலைத் தோட்டத்து மண்பாதைகளில்தான் அன்றாட ஓட்டம். பள்ளத்தில் இறங்கி ஏறும்போது முன்கண்ணாடி முழுவதும் செம்மண் சேறு அடித்துவிடுகிறது. வாஷரை இயக்கினால் மெல்லிய இரண்டு கோடுகளாகத்தான் தண்ணீர் வருகிறது. வைப்பர் சேற்றைத் துடைப்பதற்குப் பதிலாகப் பூசிவிடுகிறது. பெரிய வாஷர் மோட்டார் பொருத்தினால் சரியாகுமா? (கூடலூர் வாசகர்)

பதில்: மோட்டாரைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். வண்டியுடன் வரும் வாஷர், தார்ச்சாலைத் தூசியையும் பூச்சிகளையும் கழுவுவதற்காக அமைக்கப்பட்ட ஏற்பாடு. சேற்றின் முன் அது தடுமாறுவதில் வியப்பில்லை. ஆனால் உங்கள் ஜீப்பில் அந்த ஏற்பாடாவது முழுத் திறனுடன் இயங்குகிறதா என்பதை முதலில் அறிந்துகொள்ளுங்கள். பானெட்டைத் திறந்து, நாசிலில் (நீரைப் பீய்ச்சும் சிறு முனையில்) செருகியிருக்கும் ஹோஸைக் கழற்றிவிட்டு, இன்னொருவரை வாஷரை இயக்கச் சொல்லுங்கள். ஹோஸின் வாயிலிருந்து தண்ணீர் வேகமாகப் பீய்ச்சினால் மோட்டாரில் குறையில்லை, நாசில்தான் அடைத்திருக்கிறது என்று பொருள். ஹோஸிலேயே தண்ணீர் சோம்பி வழிந்தால், டேங்கில் மோட்டார் செருகியிருக்கும் இடத்தில் உள்ள சிறு வலையில் பாசியும் மண்ணும் சேர்ந்திருக்கலாம், அல்லது பானெட் கீல் அருகே ஹோஸ் மடிந்திருக்கலாம். இவற்றைச் சரிசெய்யாமல் பெரிய மோட்டாரை வாங்குவது வீண் செலவு.

அடுத்தது நாசில். உங்கள் வண்டியில் இருப்பது நீரைக் கோடாகப் பீய்ச்சும் வகை. அதற்குப் பதிலாக, நீரை விசிறிபோல் விரித்துத் தெளிக்கும் நாசில்கள் கிடைக்கின்றன. இவற்றுள் அசையும் பாகம் ஏதும் இல்லை, உள்ளே இருக்கும் கால்வாயின் அமைப்பே நீரோட்டத்தை இடமும் வலமுமாக வேகமாக ஊசலாடச் செய்து கண்ணாடியின் பரப்பில் பரப்புகிறது. சேற்றுக்கு இதுவே மிகவும் பயன் தரும் மாற்றம். ஆனால் இந்த வகை அடைத்துக்கொண்டால் ஊசியால் குத்தக்கூடாது; உள்கால்வாய் சிதைந்தால் நீர் விரியாது. கழற்றி வினிகரில் ஊறவைத்து, வெளிப்பக்கத்திலிருந்து உட்பக்கமாகக் காற்றை ஊதி எடுங்கள். நெடுஞ்சாலையில் எதிர்க்காற்று நீரைக் கீழே தள்ளும். மண்பாதையின் மெதுவான ஓட்டத்தில் அந்தத் தொல்லை இல்லை என்பதால், கண்ணாடியின் மேல்பகுதியில் நீர் விழுந்து சேற்றைக் கரைத்தபடி இறங்கும்படி குறிவையுங்கள்.

நாசிலுக்கு அருகிலேயே ஹோஸில், நீரை ஒரு திசையில் மட்டும் போகவிடும் நான்-ரிட்டர்ன் வால்வு ஒன்றைச் சேர்ப்பது மிகக் குறைந்த செலவில் முடியும் வேலை. அது இல்லாவிட்டால் நீங்கள் கையை எடுத்தவுடன் ஹோஸில் நிற்கும் நீர் டேங்குக்கே திரும்பிவிடும். மறுமுறை இயக்கும்போது முதலில் காற்றுதான் வெளியேறும், வைப்பரோ அதற்குள் வறண்ட சேற்றின் மேல் ஓடத் தொடங்கியிருக்கும்.

உங்கள் கண்ணாடிக்கு உண்மையான ஆபத்து அங்கேதான் இருக்கிறது. சேற்றில் கலந்திருக்கும் மணல் பெரும்பாலும் குவார்ட்ஸ் என்னும் கனிமம். அதன் கடினம், கனிமங்களின் கடினத்தைக் குறிக்கும் மோஸ் அளவுகோலில் 7, சாதாரணக் கண்ணாடியின் கடினமோ ஏறத்தாழ 5.5 மட்டுமே. நனையாத சேற்றின் மேல் வைப்பரை ஓட்டுவது கண்ணாடியை உப்புத்தாளால் தேய்ப்பதற்கு ஒப்பானது. அதனால் விழும் வில் வடிவக் கீறல்கள் பகலில் கண்ணுக்குப் படுவதில்லை. இரவில் எதிரே வரும் வண்டியின் விளக்கொளி பட்டதும் பார்வையையே மறைத்துவிடும். ஆகவே எவ்வளவு நீர் வருகிறது என்பதைவிட, வைப்பர் அசைவதற்கு முன்பே நீர் வந்து சேற்றை ஊறவைக்கிறதா என்பதுதான் முக்கியம். பெரும்பாலான வண்டிகளில் லீவரை இழுத்தவுடன் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே தொடங்கிவிடுவதால், வாஷர் மோட்டாரை மட்டும் தனியாக இயக்கும் ஓர் அழுத்து சுவிட்சை டாஷ்போர்டில் வைத்துக்கொள்வதை நான் வற்புறுத்துவேன். சில விநாடிகள் நனையவிட்டு, பிறகு வைப்பரைப் போடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் நீர் போதவில்லையென்றால் மோட்டாருக்கு வரலாம். ஒரே மோட்டாரிலிருந்து ‘T’ வடிவ இணைப்பு போட்டு நான்கு நாசில்களுக்குப் பிரித்தால் ஒவ்வொன்றிலும் அழுத்தம் குறைந்துபோகும். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சாதாரண மோட்டார்களை வைப்பதே மேல். புதிய மோட்டாருக்குப் பழைய சுவிட்சிலிருந்து நேரடியாக மின்சாரம் எடுக்க வேண்டாம். சுவிட்சின் கம்பி ஒரு ரிலேயை (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் மின்சுவிட்சை) மட்டும் இயக்கட்டும். மோட்டாருக்கான மின்சாரம் பேட்டரியிலிருந்து தனி ஃபியூஸ் வழியாக ரிலேயைக் கடந்து வரட்டும். பின்கண்ணாடி வாஷரும் உள்ள சில வண்டிகளில் ஒரே மோட்டார்தான் இரண்டு வேலையையும் செய்கிறது. மின்சாரத்தின் திசையை மாற்றினால் நீர் மறுவழியில் போகும். அப்படியானால் ரிலேயின் சுருளுக்கு முன், மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் டயோடு ஒன்றைச் சேர்க்காவிட்டால், பின்கண்ணாடியைக் கழுவும்போதும் முன்பக்கம் தண்ணீர் பீய்ச்சும். உங்கள் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கூடுதல் டேங்க் வைப்பதானால், மோட்டார் எப்போதும் நீர்மட்டத்துக்குக் கீழே இருக்க வேண்டும்; இந்த வகை மோட்டாரால் நீரைத் தானாக உறிஞ்சி மேலே ஏற்ற முடியாது, வறண்டு ஓடினால் சீக்கிரம் கெட்டும் போகும். டேங்குக்குள் காற்று நுழைய ஒரு சிறு குழாய் தேவை. அதன் வாயைச் சேற்றுநீர் எட்டாத உயரத்துக்குக் கொண்டுபோங்கள். பத்து லிட்டர் நீர் பத்து கிலோ எடை என்பதால், குலுங்கும் பாதையில் பெல்ட்டால் இறுக்கிக் கட்டுவதும் அவசியம்.

கேள்வி: மருந்து தெளிக்கும் பேட்டரி ஸ்பிரேயரின் 12 வோல்ட் பம்பு என்னிடம் சும்மா கிடக்கிறது. அதை வாஷருக்கு இணைக்கலாமா? (வால்பாறை வாசகர்)

பதில்: வேண்டாம். அந்தப் பம்பின் அழுத்தம் வாஷர் மோட்டாரின் அழுத்தத்தைவிட மிக அதிகம். செருகி மட்டும் வைத்திருக்கும் ஹோஸ் இணைப்புகள் கழன்றுகொள்ளும். அதைவிடப் பெரிய காரணம், பூச்சிமருந்து ஓடிய பம்பில் அதன் மிச்சம் தங்கியிருக்கும் என்பது. வண்டிக்குள் காற்றை இழுக்கும் திறப்பு பெரும்பாலும் முன்கண்ணாடியின் அடியில்தான் இருக்கிறது. தெளித்த நீரின் துளி நேராக உங்கள் மூச்சுக்கே வந்து சேரும். செடிகளுக்குத் தண்ணீர் தெளிக்கும் 2 லிட்டர் கைப்பம்பு ஸ்பிரேயர் ஒன்றைப் புதிதாக வாங்கி வண்டியில் போட்டுவையுங்கள். முகப்பு விளக்குகள், பக்கக் கண்ணாடிகள், நம்பர் பிளேட் ஆகியவற்றை இறங்கிக் கழுவுவதற்கு அதற்கு இணையான கருவி எனக்குத் தெரிந்து இல்லை.

கேள்வி: வாஷர் டேங்கில் துணி துவைக்கும் தூளைக் கரைத்து ஊற்றலாமா? (உதகை வாசகர்)

பதில்: கூடாது. தூள் முழுவதும் கரையாமல் வலையை அடைக்கும். கண்ணாடியில் படலமாகக் காய்ந்து இரவில் கூசும். ஆழ்குழாயின் உப்புநீரும் நாசிலில் சுண்ணாம்பாகப் படியும். வடிகட்டிய நல்ல நீரில், கடையில் விற்கும் வாஷர் திரவத்தைப் புட்டியில் குறிப்பிட்ட அளவில் கலந்தால் போதும். உங்கள் ஊரில் உறைபனி விழும் டிசம்பர், ஜனவரி மாதங்களில் உறையாத வகைத் திரவமாகப் பார்த்து வாங்குங்கள். அதற்குப் பதிலாக ரேடியேட்டர் கூலண்டை ஊற்றினால் கண்ணாடி வழுவழுத்து மங்கிவிடும், அது நச்சுப்பொருளும்கூட.