துளி, பலூன், பிளாஷ்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பிளாஷைப் போட்டு 1/500 செக்கனில் தண்ணீர்த்துளியைப் படம் எடுத்தால் படத்தில் பாதி கறுப்பு. 1/200க்குக் குறைத்தால் கறுப்புப் போய்விடுகிறது, ஆனால் துளி மங்கலாக இழுபடுகிறது. இன்னும் விலைகூடிய கமரா வாங்க வேண்டுமா?
- வாசகர், சாவகச்சேரி

பதில்: வேண்டாம். கறுப்புக்குக் காரணம் ஷட்டரின் இரண்டு திரைகள். 1/200, 1/250க்கு மேலே போனால் முதல் திரை முழுக்கத் திறக்க முன்னமே இரண்டாவது திரை மூடத் தொடங்கிவிடும். பிளாஷ் மின்னும் கணத்தில், படத்தைப் பதியும் சென்சரின் ஒரு பகுதி திரைக்குப் பின்னால் இருக்கும்.

துளி மங்குவதற்குக் காரணம் வேறு. இருட்டறையில் அசைவை நிறுத்துவது ஷட்டர் அல்ல, பிளாஷ் எரிந்து அணையும் நேரம். கமராவின் மேல் மாட்டும் சாதாரண பிளாஷ் முழு வலுவில் ஏறக்குறைய 1/1000 செக்கன் எரியும். 40 சென்ரிமீற்றர் உயரத்திலிருந்து விழும் துளி கீழே வரும்போது செக்கனுக்கு 2.8 மீற்றர் வேகத்தில் வரும். அந்த 1/1000 செக்கனில் அது கிட்டத்தட்ட 3 மில்லிமீற்றர் நகர்ந்துவிடும். துளியின் பருமனே நாலரை மில்லிமீற்றர்தான், பிறகு எப்படித் தெளிவாக வரும்?

பிளாஷை மனுவலில் வைத்து அதன் வலுவை முழு வலுவின் 1/64 அல்லது 1/128க்கு இறக்குங்கள். இந்த வகைப் பிளாஷ் வலுவைக் குறைக்கும்போது மங்கலாக எரிவதில்லை, சீக்கிரம் அணைந்துவிடுகிறது. 1/128இல் பல பிளாஷ்கள் 1/20,000 செக்கனுக்கும் குறைவாகவே எரியும். துளி நகர்வது 0.14 மில்லிமீற்றர், கண்ணுக்குப் படாது. அதிவேக ஒத்திசைவு என்ற எச்எஸ்எஸ் வசதியை மட்டும் அணைத்துவிடுங்கள். பெயரைப் பார்த்து ஏமாறுகிறவர்கள் அதிகம். அது பிளாஷைத் துடித்துத் துடித்து நீளமாக எரியவைக்கும், எங்களுக்கு வேண்டியதற்கு நேர் எதிர். ஸ்ரூடியோவில் வைக்கும் பெரிய பிளாஷ்களில் பழைய ரகங்கள் சில, வலு குறையக் குறைய நீளமாக எரியும். அவற்றை இந்த வேலைக்கு எடுக்க வேண்டாம்.

வெளிச்சம் போதாமற் போகும், அதுதான் இதற்குக் கொடுக்கும் விலை. பிளாஷை 25, 30 சென்ரிமீற்றருக்குக் கிட்டக் கொண்டுவந்து, லென்ஸின் துவாரம் எஃப்/11, ஒளியுணர்திறன் ஐஎஸ்ஓ 400 என்று வைத்துத் தொடங்குங்கள். இன்னும் போதாவிட்டால் ஒரு பிளாஷின் வலுவைக் கூட்டாமல் அதே வலுவில் இரண்டாவதைச் சேருங்கள். பிளாஷை அணைத்துவிட்டு ஒரு படம் எடுத்துப் பாருங்கள். அது முழுக் கறுப்பாக வரவேண்டும். ஏதாவது தெரிந்தால் ரியூப் லைற்றோ யன்னலோ படத்துக்குள் புகுகிறது, துளியைச் சுற்றி ஆவி போன்ற நிழல் அதனால்தான் வரும்.

கேள்வி: துளி விழுந்தால் பத்திரிகைப் படங்களில் வருவதுபோலக் கிரீடம் வருவதில்லை. நடுவில் ஒரு தூண் மட்டும் எழும்புகிறது. கண்ணாடித் தட்டத்தில் வெள்ளைப் புள்ளிகளும் தெரிகின்றன.
- வாசகி, கோண்டாவில்

பதில்: தண்ணீர் ஆழமாக இருக்கிறது. இரண்டு மூன்று சென்ரிமீற்றர் ஆழத்தில் துளி குழி பறித்து, குழி மூடும்போது தூண் எழும்பும். கிரீடத்துக்கு ஒன்றிரண்டு மில்லிமீற்றர் படலம் போதும். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ஹரோல்ட் எட்ஜர்டன் 1957இல் எடுத்த பால்துளிக் கிரீடத்திலும் கீழே இருந்தது மெல்லிய பாற்படலந்தான். தண்ணீரைவிடப் பால் நல்லது. ஒளி ஊடுருவாததால் விளிம்பு எடுப்பாகத் தெரியும்.

வெள்ளைப் புள்ளி எங்கள் கிணற்றுத் தண்ணீரின் சுண்ணாம்பு. மழைத்தண்ணீர் அல்லது போத்தல் தண்ணீர் எடுங்கள்.

துளியை ஒழுங்காக விழுத்த பாமசியில் விற்கும் சேலைன் குழாய் போதும். 20 துளிக்கு ஒரு மில்லிலீற்றர் என்ற வகையைக் கேளுங்கள். போத்தலில் மட்டம் இறங்க இறங்க அழுத்தம் குறைந்து துளி தாமதிக்கும், ஆகவே பத்துப் பதினைந்து நிமிடத்துக்கொருமுறை நிரப்புங்கள். மின்விசிறியை நிறுத்தாவிட்டால் துளி ஒவ்வொருமுறையும் வேறு இடத்தில் விழும். வியர்வையைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். துளி விழும் இடத்தில் ஓர் ஆணியை நிமிர்த்தி வைத்து அதில் ஃபோகஸ் பிடித்து, லென்ஸை மனுவலுக்கு மாற்றிவிட்டு ஆணியை எடுங்கள். பிளாஷைத் தண்ணீருக்கு நேரே அடிக்காமல் பின்னால் தொங்கும் நிறக் கடதாசிக்கு அடியுங்கள். நேரே அடித்தால் துளியில் ஒரு வெள்ளைப் பொட்டுத்தான் மிஞ்சும்.

கேள்வி: தண்ணீர் நிரப்பிய பலூனை ஊசியால் குத்தும்போது எடுக்க, மைக்கும், நிரல் எழுதி இயக்கும் ஆர்டுயினோ என்ற சிறு மின்பலகையும் வைத்து ஒரு மின்சுற்றுச் செய்தேன். சத்தம் கேட்டதும் கமரா வேலை செய்கிறது, ஆனால் படத்தில் பலூனே இல்லை, நிலமெல்லாம் தண்ணீர்.
- மாணவர், பருத்தித்துறை

பதில்: சுற்றுச் சரி, இணைத்த இடம் பிழை. கமரா பொத்தானை அழுத்திய பிறகு ஷட்டர் திறக்கப் பல பத்து மில்லிசெக்கன் போய்விடும். பலூன் ரப்பர் அதற்குள் உரிந்து சுருண்டிருக்கும். சுற்றைப் பிளாஷுக்கு இணையுங்கள். அறையை இருட்டாக்கி, ஷட்டரை 2 செக்கன் திறந்துவிட்டு, அதற்குள் பலூனைக் குத்துங்கள். சத்தம் பிளாஷை எரிக்கும், ஷட்டர் பிறகு ஆறுதலாக மூடட்டும்.

தாமதத்தை மாற்ற நிரலில் கைவைக்கவே தேவையில்லை. எங்கள் வெக்கையில், 30 பாகை அளவில், ஒலி செக்கனுக்கு 349 மீற்றர் போகும். மைக்கை 35 சென்ரிமீற்றர் தள்ளி வைத்தால் பிளாஷ் ஒரு மில்லிசெக்கன் பிந்தும். ரப்பர் பாதி கிழிந்த நிலை வேண்டுமென்றால் மைக்கைக் கிட்டக் கொண்டுபோங்கள். ரப்பர் முழுக்க விலகி, தண்ணீர் மட்டும் பலூன் வடிவில் அந்தரத்தில் நிற்பது வேண்டுமென்றால் கொஞ்சங்கொஞ்சமாகத் தள்ளுங்கள்.

நிரலில் இரண்டைக் கவனியுங்கள். மைக்கை வாசிக்கும் சுழற்சிக்குள், கணினிக்கு எழுத்து அனுப்பும் சீரியல் பிரிண்ட் கட்டளை இருந்தால் அதுவே பல மில்லிசெக்கனைத் தின்னும், அதை நீக்குங்கள். ஒருமுறை எரிந்தபின் 2 செக்கனுக்குப் பூட்டிவையுங்கள். இல்லாவிட்டால் எதிரொலிக்கு இன்னொருமுறை எரிந்து ஒரே படத்தில் இரண்டு பலூன் வரும்.

பிளாஷை நேரே ஆர்டுயினோவில் கொழுவ வேண்டாம். இடையில் ஓர் ஒளி இணைப்பி வையுங்கள், அது மின்தொடர்பு இல்லாமல் ஒளியால் மட்டும் சைகையைக் கடத்தும் சில்லு. முதலில் பிளாஷின் தூண்டு முனைகளை மல்ரிமீற்றரால் அளந்து பாருங்கள். புதியவற்றில் 5 வோல்ற்று அளவில் காட்டும், 330 ஓம் தடையுடன் பிசி817 என்ற ஒளி இணைப்பி போதும். பழைய பிளாஷ்களில் 200 வோல்ற்றுக்கு மேலும் நிற்கும், அதற்கு எம்ஓசி3021 என்ற ஒளி இணைப்பியும் 220 ஓம் தடையும் வேண்டும். அப்படிப்பட்ட பிளாஷைப் புதுக் கமராவின் மேல் மாட்டினால் கமரா போய்விடும். எந்தப் பிளாஷையும் திறக்கக்கூடாது. பற்றரியைக் கழற்றிய பிறகும் உள்ளே மின்னைத் தேக்கும் கொள்ளளவியில் 300 வோல்ற்று அளவில் நிற்கும்.

கேள்வி: போனில் எடுக்கலாமா?
- வாசகர், அச்சுவேலி

பதில்: எடுக்கலாம், ஆனால் போனின் பிளாஷால் அல்ல. அது ஒரு சிறிய எல்ஈடி விளக்கு, மின்னலாக வெட்டாது. மத்தியான வெயிலில் முற்றத்துக்குப் போங்கள். ப்ரோ முறையில் ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/4000 அல்லது 1/8000. எஃப்/1.8 லென்ஸுக்கு உச்சி வெயில் அதற்குப் போதும். வெயில் துளிக்குப் பின்பக்கமாக விழட்டும், தொடர்ச்சியாக எடுக்கும் முறையைப் போட்டு இருபது முப்பது எடுத்தால் ஒன்றாவது தேறும்.

கேள்வி: பழைய ரியூப் லைற்றை உடைத்து எடுத்தால் எப்படி இருக்கும்?
- வாசகர், சுன்னாகம்

பதில்: எடுக்காதீர்கள். உள்ளே பாதரசம் இருக்கிறது. உடைக்கத்தான் வேண்டுமென்றால் முட்டையை உடையுங்கள்.