சேணம் வைத்தால் துள்ளும் குதிரைக்குட்டி

கேள்வி: ஆடித் திருவிழாவில் அந்தியூர் குதிரைச் சந்தையில் மார்வாரி இன ஆண் குட்டி ஒன்று வாங்கினேன். இரண்டு வயது முடிந்தது என்று சொல்லிக் கொடுத்தார்கள். தலைக்கயிறு போட்டால் பேசாமல் வருகிறது. கடிவாளத்தை வாயில் வைத்தால் தலையை உதறுகிறது. சேணம் வைத்தால் துள்ளியே கீழே தள்ளிவிடுகிறது. முள் கடிவாளம் போட்டு ஏறி உட்கார்ந்தால் நாலு நாளில் படிந்துவிடும் என்கிறார் பக்கத்து ஊர்க்காரர். செய்யலாமா?
– ஒரு விவசாயி, கோபிசெட்டிபாளையம்

பதில்: முள் கடிவாளம் வேண்டவே வேண்டாம். இழுவை, பொதி விலங்குகளுக்கான 1965-ஆம் ஆண்டு வதைத் தடுப்பு விதிகள் அதைத் தடை செய்கின்றன. சட்டத்தை விடுங்கள், ஒருமுறை வாய் புண்ணானால் அப்புறம் நல்ல கடிவாளத்தையும் குட்டி கிட்டே விடாது. சின்னக் காயத்தில்கூட குதிரைக்கு ரணஜன்னி (டெட்டனஸ்) வந்துவிடும். அதற்கான தடுப்பூசி போட்டாயிற்றா என்று பாருங்கள்.

அடுத்து, கால்நடை மருத்துவரை வைத்து வாயைப் பாருங்கள். முன்பற்களில் நடு ஜோடி விழுந்து நிலைப்பல் முளைப்பது சுமார் இரண்டரை வயதில். விற்றவர் சொன்ன வயது சரியா என்பதும் அதில் தெரிந்துவிடும். கடைவாயிலும் அதே சமயத்தில்தான் பால்பற்கள் விழத் தொடங்கும். ஈறு நோகும்போது கடிவாள இரும்பு வைத்தால் உதறாமல் என்ன செய்யும்? சில குட்டிகளுக்கு மேல் கடைவாய்ப் பற்களுக்கு முன்னால் சின்ன உபரிப் பல் இருக்கும். இரும்பு அதில் இடித்தால் மருத்துவர் பிடுங்கிவிடுவார்.

வாயில் கோளாறு இல்லையென்றால் வழவழப்பான இரும்பு போதும். வெயிலில் தொங்கியதை அப்படியே வைக்காமல் தண்ணீரில் முக்கி, துளி வெல்லம் தடவுங்கள். இடதுபுறம் நின்று, வாயோரத்தில் பல் இல்லாத இடத்தில் கட்டைவிரலை விட்டால் குட்டி வாயைத் திறக்கும். பல்லில் இடிக்காமல் போடுங்கள்; கழற்றும்போது அதுவாக உமிழும்வரை பொறுங்கள். வாயோரத்தில் ஒரு மடிப்பு விழுந்தால் அளவு சரி. லகானை இழுக்காமல் பத்து நிமிடம் மென்றுகொண்டு நிற்கட்டும், நீங்களும் பக்கத்திலேயே இருங்கள். கட்டுத்தறியில் கட்டுவதென்றால் தலைக்கயிற்றில்தான், லகானில் கட்டினால் மிரண்டு இழுத்து நாக்கையே அறுத்துக்கொள்ளும்.

சேணத்துக்கு வேறு நாள். குட்டி பெரும்பாலும் துள்ளுவது சேணத்தின் கனத்தால் அல்ல, வயிற்றுப் பட்டை திடீரென இறுகுவதால். முதலில் சாக்கை முதுகில் போட்டு எடுங்கள், இரண்டு பக்கமும் பழக்குங்கள். பிறகு வெறும் பட்டை. அதற்கு அசையாமல் நின்றால் சேணம். கால் வைக்கும் அங்கவடியை மேலே சுருட்டிக் கட்டிவிடுங்கள், விலாவில் அடித்தால் மறுபடி மிரளும். பட்டையை ஒரு துளை இறுக்கி நாலடி நடத்தி, அப்புறம் அடுத்த துளை.

ஏறுவதற்கு மூன்று வயதாவது முடியட்டும். முதுகெலும்பு முழுசாக முற்ற ஐந்து வயதுக்கு மேலும் ஆகும். வளர்ந்த குதிரையே தன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுமக்கக் கூடாது: 300 கிலோ குதிரைக்குச் சேணத்தோடு சேர்த்து 60 கிலோ. குட்டிக்கு இன்னும் குறைவு. நீங்கள் கனத்த ஆள் என்றால், முதலில் ஏற்றிவிட மெலிந்த பையனாகப் பாருங்கள்.