ஒரே குடும்பப் பெயர் என்றால் சொந்தக்காரர்களா?

உங்கள் குடும்பப் பெயரே உள்ள ஒருவர் தூரத்து உறவா என்று எப்படிக் கண்டுபிடிப்பது எனக் கேட்டிருக்கிறீர்கள். பெயரை மட்டும் நம்பாதீர்கள். ஸ்மித் என்ற ஆங்கிலக் குடும்பப் பெயருக்குக் கொல்லர் என்று பொருள். ஊருக்கு ஊர் கொல்லர் இருந்தார், எல்லாரும் பங்காளிகளா என்ன? அபூர்வமான பெயர் என்றால் கதை வேறு.

முதலில் வீட்டுப் பெரியவர்களிடம் உட்கார்ந்து கேளுங்கள். பழைய போட்டோக்களின் பின்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள். பென்சிலில் ஒரு தேதியோ ஊரோ கிடைக்கலாம். அப்புறம் பழைய குடும்பப் பதிவுகள் உள்ள ஃபேமிலிசர்ச் இணையதளத்தில் இலவசமாகத் தேடலாம். ஸ்மித் சில பதிவுகளில் ஸ்மைத் ஆகியிருக்கும், அதையும் சேர்த்துத் தேடுங்கள்.

பெயர் தந்தை வழியில் வருவதானால் ஆண்களிடம் இருக்கும் ஒய் குரோமோசோமைப் பார்க்கும் மரபணுச் சோதனை உதவும். அந்தக் குரோமோசோமும் பெயரைப் போலவே அப்பாவிடமிருந்து மகனுக்குத்தான் போகிறது. உங்கள் பெயரே உள்ள அந்த நபருக்கு எழுதும்போது வம்சாவளி முழுவதையும் கொட்டாமல், கொள்ளுத்தாத்தாவின் பெயர், பிறந்த ஆண்டு, ஊர், இவற்றை மட்டும் கேளுங்கள்.