பிபி 108/88, நாடி 124: இது ஷாக் ஆகுமா?

ஆகும். ஷாக் என்பது திசுக்களுக்கு ஆக்சிஜன் போதாமல் போவது. பிபி குறைந்தே தீர வேண்டும் என்பதில்லை. நீங்கள் கேட்டது விபத்தில் அடிபட்டு வந்த நோயாளியைப் பற்றி; அவருக்கு லாக்டேட் (திசுக்களுக்கு ஆக்சிஜன் போதாதபோது ரத்தத்தில் ஏறும் பொருள்) வேறு 4.2, அதிகம். சிஸ்டாலிக் (பிபியின் மேல் எண்) 90-க்குக் கீழே போகட்டும் என்று காத்திருந்தால் தாமதமாகிவிடும்.

மேல் எண்ணை விட்டுவிட்டு இடைவெளியைப் பாருங்கள்: 108-88 = 20. சிஸ்டாலிக்கில் கால் பங்குகூட இல்லை. ஒவ்வொரு துடிப்புக்கும் இதயம் தள்ளும் ரத்தம் குறைந்திருக்கிறது. அதை ஈடுகட்ட, சிம்பதெடிக் நரம்புகள் (ஆபத்தில் உடலை முடுக்கும் நரம்புகள்) சிறு தமனிகளை இறுக்கி டயஸ்டாலிக்கை (கீழ் எண்ணை) ஏற்றிவிட்டன. சராசரி அழுத்தம் 95 என்று அழகாகத் தெரிவது அதனால்தான். விபத்துக்குப் பிறகு என்பதால் முதல் சந்தேகம் உள் ரத்தக்கசிவு. ஆனால் கழுத்துச் சிரை புடைத்திருந்தால் இதய உறையில் ரத்தம் தேங்கியிருக்கலாம், அல்லது மார்பில் காற்று அடைத்திருக்கலாம்.

இப்போதே செய்ய வேண்டியவை:

1. விரல் நுனியை இதய மட்டத்தில் வைத்து 5 விநாடி அழுத்தி விடுங்கள். நிறம் திரும்ப 3 விநாடிக்கு மேல் ஆனால் தாமதம். குளிர்ந்த அறையில் இதை நம்ப வேண்டாம்.
2. சிறுநீர் அளவு: மணிக்கு கிலோவுக்கு 0.5 மி.லி.க்குக் கீழே என்றால் சிறுநீரகத்துக்கும் ரத்தம் போதவில்லை.

பீட்டா பிளாக்கர் (இதயத் துடிப்பைக் குறைக்கும் மருந்து) எடுப்பவருக்கு நாடி ஏறாமலே இருக்கலாம். செப்சிஸில் (தொற்றால் உடல் உறுப்புகள் பாதிக்கப்படும் நிலை) தொடக்கத்தில் கை கால் சூடாக, இடைவெளி அகலமாக இருக்கலாம். இந்தக் கணக்கு அங்கே பொருந்தாது.

மூத்த மருத்துவரை உடனே கூப்பிடுங்கள்.