திறப்பு என்ட கையிலதான் இருந்தது (வாசகர் கடிதமும் பதிலும்)

வணக்கம் அங்கிள்,

நான் திருகோணமலைதான், உவர்மலைப் பக்கம். நாலு வருசமா கொழும்பில ஒரு ஐடி கொம்பனியில வேலை. உங்கட போன மாசக் கட்டுரையில "இந்த நாட்டில இனவாதம் இல்லாத ஒரு கந்தோரும் கிடையாது" எண்டு எழுதியிருந்தீங்கள். அதை வாசிச்சிட்டு ரெண்டு நாள் மண்டைக்குள்ள ஓடிக்கொண்டே இருந்தது, அதுதான் எழுதுறன், கோவிக்க வேண்டாம்.

என்ட டீமில பதினொரு பேர், அதில ஒம்பது பேர் சிங்களம். ஒருத்தர்கூட இண்டைக்கு வரைக்கும் என்னை மனம் நோகிற மாதிரி ஒரு சொல் சொன்னதில்லை. அம்மாவுக்கு ஒப்பரேசன் எண்டேக்க ரெண்டு பேர் லீவு போட்டுட்டு வந்து ரத்தம் குடுத்தவை. 2022ல காலிமுகத்திடலில மே 18 அண்டு சிங்களப் பிள்ளையளும் சேர்ந்து நிண்டு முள்ளிவாய்க்காலுக்கு விளக்குக் கொளுத்தினதை நான் கண்ணால பாத்தனான். 2024 பாராளுமன்றத் தேர்தலில யாழ்ப்பாணமே திசைகாட்டிக்கு, அதான் தேசிய மக்கள் சக்திக்குப் போட்டுது, எங்கட மாவட்டத்திலயும் நாலு சீற்றில ரெண்டு அவைக்குத்தான். இதுக்குப் பிறகும் எங்க பாத்தாலும் இனவாதம் எண்டு எழுதுறது பழைய ஆக்களின்ட பழக்கமா எனக்குப் படுது. வோட்டுக்காக அரசியல்வாதியள் கிளப்பிவிடுறது, சாதாரண சனம் நல்லது. இல்லாட்டி நீங்களே சொல்லுங்கோ, நூற்றுக்கு எத்தினை பேர் இனவாதி?

வெசாக் லீவுக்கு டீமில நாலு பேரை ஊருக்குக் கூட்டிக்கொண்டு வாறன். நேரமிருந்தால் சந்திப்பம்.

ஒரு வாசகி

...

பிள்ளை, கோவம் ஒண்டும் இல்லை. அந்த வரி பிழைதான், முதல்லயே ஒத்துக்கொள்ளுறன். ஒரு கந்தோரும் கிடையாது எண்டு சொல்ல நான் எல்லாக் கந்தோருக்கும் போய்ப் பாத்தவனில்லை. எழுதேக்க கை கொஞ்சம் ஓடிப்போட்டுது.

ஆனா உங்கட கேள்வியில எனக்கு ஒரு சிக்கல் இருக்கு. நூற்றுக்கு எத்தினை பேர் எண்டு கேக்கிறீங்கள் பாருங்கோ, அது துவேசத்தைப் பற்றின கேள்வி. எங்கட ஊரில 'அவன் சரியான துவேசம்' எண்டு ஒருத்தனைச் சொன்னால் அது அவன்ட மனசில கிடக்கிற நஞ்சு. அதை எண்ணலாம், உங்கட டீமில பூச்சியம் எண்டும் சொல்லலாம், நான் நம்புறன். இனவாதம் எண்டு நான் எழுதினது அதை இல்லை. அது ஒருத்தன்ட மனசிலயும் இல்லாமலே நல்லா வேலை செய்யும். இதை விளங்கப்படுத்த எனக்கு ஒரு மோட்டச்சைக்கிள்தான் இருக்கு, அதைச் சொல்லுறன்.

ரெண்டு வருசத்துக்கு முந்தி என்ட மோட்டச்சைக்கிள் களவு போனது. கடற்கரைப் பக்கம் விட்டிட்டு, மான் கூட்டம் ஒண்டு ரோட்டைக் கடக்குது எண்டு நிண்டு பாத்து (இந்த ஊரில பிறந்து வளர்ந்தும் மானைக் கண்டால் நிக்கிற ஆள் நான்), ஒரு அரை மணித்தியாலத்தால திரும்பி வந்தால் ஆளைக் காணேல்ல. ஒரு பொலிஸ் நிலையத்துக்கு என்ட்ரி போடப் போனன். அங்க இருந்த சார்ஜன், என்ட வயசிருக்கும், கதிரையை இழுத்துப் போட்டு, ஒரு பெடியனைக் கூப்பிட்டுப் பிளேன்ரீ எடுத்துத் தரச் சொல்லி, அரைத் தமிழில அவ்வளவு மரியாதையாக் கதைச்சார். தன்ட தம்பியின்ட மோட்டச்சைக்கிளும் இப்பிடித்தான் போனதாம், தலையைத் தலையை ஆட்டிக் கவலைப்பட்டார். நான் தமிழில சொல்லச் சொல்ல அவர் சிங்களத்தில எழுதினார். முடிய ஒருக்கா வாசிச்சு, 'சரிதானே ஐயா?' எண்டு தமிழில கேட்டார். எனக்குச் சிங்களம் சந்தையில மீன் விலை கேக்கிற அளவுக்குத்தான். சரி எண்டு சொல்லிக் கையெழுத்து வச்சன்.

ரெண்டு மாசத்தால இன்சூரன்ஸ்காரர் காசு தரேலாது எண்டிட்டினம். ஏனாம்? நான் திறப்பைக் கழட்டாமல் மோட்டச்சைக்கிளிலயே விட்டிட்டுப் போனதாப் பொலிஸ் என்ட்ரியில நானே சொல்லியிருக்கிறனாம்! திறப்பு என்ட கையிலதான் இருந்தது, நான் சார்ஜனுக்கு அதைத் தூக்கிக் காட்டினதுகூட ஞாபகம் இருக்கு. அந்த மனிசன் 'திறப்பு' எண்ட சொல்லைப் பிடிச்சார், மிச்சத்தை விட்டிட்டார் போல. என்ட்ரியின்ட கொப்பியை எடுத்து, சிங்களம் வாசிக்கத் தெரிஞ்ச ஒரு ஆளிட்டைக் காட்டித்தான் நான் என்ன சொன்னனான் எண்டு நானே தெரிஞ்சுகொண்டன்.

இப்ப சொல்லுங்கோ பிள்ளை, அந்த சார்ஜன் இனவாதியா? ஒரு துளி துவேசம் அந்த ஆளிட்டை இல்லை. அவர் தந்த ரீ இண்டைக்கும் நாக்கில நிக்குது, நல்ல சாயம். ஆனால் 1987ல அரசியல் யாப்பின்ட பதின்மூண்டாவது திருத்தத்தோட தமிழும் அரச கரும மொழி எண்டாச்சு, வடக்கு கிழக்கில நிர்வாக மொழியே தமிழ் எண்டு யாப்பில எழுதிக் கிடக்கு, 2012 கணக்கெடுப்பின்படி எங்கட மாவட்டத்தில முஸ்லிம்கள் 40 வீதம், தமிழர் 30 வீதம் அளவில, ஆகப் பத்தில ஏழு பேர் தமிழில கதைக்கிற இடத்தில, எனக்குத் தெரியாத மொழியில என்ட வாக்குமூலம். இதை ஒருத்தரும் கெடுதல் நினைச்சுச் செய்யேல்ல. அதாலதான் யாரிட்டைப் போய்ச் சண்டை பிடிக்கிறது எண்டும் தெரியேல்ல. உங்கட டீமில ஒம்பது நல்ல பிள்ளையள் இருக்கினம், அவையளைப் போல ஒம்பது லட்சம் பேர் இருந்தாலும் அந்த என்ட்ரி சிங்களத்திலதான் எழுதப்பட்டிருக்கும்.

1983 யூலைக் கலவரத்தை எடுங்கோ. கொழும்பில தமிழ்க் குடும்பங்களைத் தங்கட அறைக்குள்ள ஒளிச்சு வச்சு, வாசலில நிண்டு 'இஞ்ச ஒருத்தரும் இல்லை' எண்டு பொய் சொல்லிக் காப்பாத்தின சிங்களச் சனம் கனக்க. எங்கட சொந்தத்திலயே அப்பிடித் தப்பி வந்தவை இருக்கினம். ஆனா அதே ரோட்டில வந்தவன்ட கையில வாக்காளர் இடாப்பு இருந்தது, எந்த நம்பர் வீடு தமிழ் வீடு எண்டு. நல்ல சனம் எத்தினை வீதம் எண்டு அந்த ரோட்டில எண்ணியிருந்தால் அனேகமா நீங்கள் வெண்டிருப்பீங்கள். இடாப்புக்கு அந்தக் கணக்குத் தேவைப்படேல்ல.

அடுத்தது, அரசியல்வாதி கிளப்பிவிடுறான், சனம் அப்பாவி எண்ட கதை. இதை என்ட அப்பாவும் சொல்லுவார், இப்ப நீங்கள் சொல்லுறீங்கள், இடையில ஒரு தலைமுறை முழுக்கச் சொன்னது. பாதி உண்மை. பண்டாரநாயக்காவின்ட சுதந்திரக் கட்சி 1951ல தொடங்கேக்க சிங்களமும் தமிழும் ரெண்டும் அரச மொழி எண்டுதான் சொன்னது. ஐந்து வருசத்தில அது சிங்களம் மட்டும் எண்டு மாறிச்சு, ஏன், அதுதான் விலைப்பட்டுது. எதிர்ப் பக்கம் ஐக்கிய தேசியக் கட்சியும் 1956 தேர்தலுக்கு முன்னம் அவசரம் அவசரமா அதே சரக்கைக் கடையில அடுக்கினது, அடுக்கியும் தோத்தது. அங்கால 1957ல பிரதமர் பண்டாரநாயக்கா கொஞ்சம் இறங்கி வந்து தமிழரசுக் கட்சிச் செல்வநாயகத்தோட ஒப்பந்தம் செய்யுறார். ஐக்கிய தேசியக் கட்சி ஜே.ஆர். ஜெயவர்த்தனா அதுக்கு எதிராக் கண்டிக்கு நடைபயணம் வெளிக்கிடுறார். 1958 ஏப்ரலில பிக்குமார் வந்து பண்டாரநாயக்காவின்ட வீட்டு வாசலில குந்திக்கொண்டு எழும்பமாட்டம் எண்ட, மனிசன் ஒப்பந்தத்தைக் கிழிச்சார். அடுத்த மாசம் தமிழருக்கு எதிராக் கலவரம். 1959ல அவரையே ஒரு பிக்கு சுட்டான். நெருப்பை ஊதினவர் அவர்தான், இல்லையெண்டு சொல்லேல்ல, ஆனா அணைக்க வாளியைத் தூக்கேக்க அவற்றை கையைப் பிடிச்சது ஆர்? வாசலில குந்தியிருந்தவையும் அவைக்குப் பின்னால நிண்ட வோட்டும். சமூகம் வேற அரசியல் வேற எண்டு கோடு கீற அந்த வாசலில எனக்கு இடம் தெரியேல்ல.

உங்கட திசைகாட்டிக்கு வாறன். சனம் அவைக்குப் போட்டதை நான் நக்கலடிக்கமாட்டன், எங்கட வீட்டிலயும் ஒரு வோட்டு அங்கதான் போனது (நான் இல்லை, மகன்). மற்றக் கட்சியள் மாதிரி மேடையில இனத்தை வித்து வந்தவை இல்லை எண்டதும் சரி. ஆனா அதுக்குள்ள இருக்கிற ஜேவிபி பின்னுக்கு நிண்ட வழக்கிலதான் 2006 ஒக்ரோபரில உச்ச நீதிமன்றம் வடக்கு கிழக்கு மாகாணங்களின்ட இணைப்பைச் செல்லாது எண்டது, இணைஞ்ச மாகாணத்துக்குத் திருகோணமலை தலைநகர் எண்ட கதையும் அதோட முடிஞ்சுது. சரி, பழங்கதை எண்டு விடுவம். 2025 நவம்பரில எங்கட கடற்கரையில நடந்ததுக்கு நீங்கள் கொழும்பில இருந்தாலும் வீடியோ பாத்திருப்பீங்கள். அனுமதியில்லாத கட்டிடம் எண்டு பிரச்சினை கிளம்பி, இரவு பொலிஸ் புத்தர் சிலையை எடுத்துக்கொண்டு போகுது, அடுத்த நாள் அதே பொலிஸ் கொண்டு வந்து வைக்குது. பாதுகாப்புக்காகத்தான் எடுத்தது எண்டு பாராளுமன்றத்தில அமைச்சரின்ட விளக்கம். மூண்டில ரெண்டு பெரும்பான்மை வச்சிருக்கிற அரசாங்கம் பிள்ளை, ஒரு நாள் தாக்குப்பிடிக்கேல்ல. அமைச்சருக்குத் துவேசம் எண்டு நான் நினைக்கேல்ல. ஆனா பயம் இருக்கு, அந்தப் பயம் எங்க இருந்து வருது எண்டதுதான் உங்கட கேள்விக்கு என்ட பதில்.

இன்னொண்டு, இது சின்ன விசயம் மாதிரித் தெரியும். 2020 யூனில அப்ப ஜனாதிபதியா இருந்த கோட்டாபய கிழக்கு மாகாணத் தொல்பொருளுக்கு எண்டு ஒரு செயலணி போட்டார். பாதுகாப்புச் செயலாளர் தலைவர், பிக்குமார், அதிகாரியள், ஒரு ரீவீக்காரர்கூட இருந்தவர். தமிழர் ஒருத்தரும் இல்லை, முஸ்லிம் ஒருத்தரும் இல்லை. அந்தப் பெயர்ப் பட்டியலில ஒரு கெட்ட வார்த்தை கிடையாது, வெறும் பெயரும் பதவியும்தான், நீங்கள் வாசிச்சுப் பாத்தாலும் ஒருத்தரையும் நோகாது.

இவ்வளவும் எழுதிப்போட்டு இத்தோட நிப்பாட்டினால் ஊர்ச் சனம் கைதட்டும், பேஸ்புக்கில நாலு பேர் பகிருவினம். நிப்பாட்டேலாது, ஏனெண்டால் என்ட ஒழுங்கையைப் பற்றியும் சொல்ல வேணும்.

என்ட சொந்தக்கார மாமி ஒராள், பெயர் வேண்டாம், வீட்டில பின்பக்கப் போர்ஷனை வாடகைக்குக் குடுக்கக் கேற்றில போட் தொங்கவிட்டிருந்தவ. ஒரு பின்னேரம் நானும் அங்க இருக்கேக்க ஒரு இளம் சோடி வந்தது, கிண்ணியா ஆக்கள், ரெண்டு பேரும் டீச்சேர்ஸ், அந்தப் பிள்ளை ஏழு மாசக் கர்ப்பம். மாமி சிரிச்ச முகத்தோட, 'ஐயோ பிள்ளை, நேற்றுத்தானே ஒராளுக்கு வாக்குக் குடுத்தது' எண்டா. பெடியன் திரும்பிக் கேற்றில தொங்கின போட்டைப் பாத்தான், பேந்து என்னைப் பாத்தான். நான் ஒண்டும் சொல்லேல்ல. அதுகள் போன பிறகு மாமி, 'மாட்டிறைச்சி காய்ச்சினால் மணக்கும், எங்கட சாமியறை பக்கத்தில, வேற ஒண்டும் இல்லை' எண்டா. வேற ஒண்டும் இல்லைத்தான். மாமிக்கு முஸ்லிம்களில துவேசம் எண்டு கேட்டால் அழுதே போடுவா, அவவின்ட சீலைக்கடைக்காரர் முப்பது வருசமா ஒரே முஸ்லிம் காக்காதான். கிழக்கு மாகாணத் தமிழனுக்கு அரசாங்கம் கையில இல்லை, பொலிஸ் கையில இல்லை, உண்மை. கேற்று கையில இருந்தது. இருந்த அந்த ஒண்டை வச்சு என்ன செய்தம் எண்டு பாருங்கோ.

அது மட்டுமில்லை. 2018ல டவுனில ஒரு பெண்கள் பாடசாலை வாசலில, அபாயா போட்ட டீச்சேர்ஸ் உள்ள வரக்கூடாது எண்டு போட் பிடிச்சுக்கொண்டு நிண்டது எங்கட சனம். எங்கட பண்பாடு எண்டவை. மனித உரிமைகள் ஆணைக்குழு பேந்து டீச்சேர்ஸ் பக்கம்தான் நியாயம் எண்டது, அதை எங்கட பக்கத்தில எழுதினவை குறைவு, நானும் அப்ப எழுதேல்ல. 1990 ஒக்ரோபரில வடக்கில இருந்து 70,000க்கு மேற்பட்ட முஸ்லிம் சனத்தைப் புலியள் வெளியேத்தினதை இண்டைக்கும் எங்கட ஆக்கள் 'அது அந்த நேரச் சூழ்நிலை' எண்டு கடந்து போகேக்க, இதே வசனத்தைத்தானே 1983க்குச் சிங்களவனும் சொல்லுறான் எண்டு எனக்குப் படும். மலையகத் தமிழரை இழிவாச் சொல்லுற தோட்டக்காட்டான் எண்ட சொல்லை நான் பள்ளிக்கூடத்தில படிச்சது சிங்களவனிட்டை இல்லை.

ரெண்டும் ஒண்டு எண்டு சொல்ல வரேல்ல, அப்பிடி எழுதி என்னைத் திட்டாதேங்கோ. மாமியின்ட கேற்றுக்குப் பின்னால ஆமி நிக்கேல்ல, சட்டம் நிக்கேல்ல. அந்தப் பெடியனுக்கு ஒழுங்கை தாண்டினால் வேற வீடு கிடைச்சிருக்கும். 1956 சிங்களம் மட்டும் சட்டத்தைத் தாண்ட வேற நாடுதான் இருந்தது, என்ட வகுப்பில பாதிப் பேர் இப்ப அங்கதான்.

வெசாக்குக்கு உங்கட சிநேகிதரோட வாறீங்கள் எண்டு சந்தோசம். கோணேசர் மலைக்குக் கூட்டிக்கொண்டு போவீங்கள், தெரியும். கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்கும் போங்கோ, விடியவே போனால் சனம் குறைவு. எங்கட சனம் செத்தவைக்கு அந்தியேட்டி செய்ய வாற இடம், இராவணன் தாய்க்குச் செய்த இடம் எண்டு கதை, தொல்பொருள் திணைக்களத்தின்ட போட் வேற கதை சொல்லுது. ஆனா அந்த ஏழு கிணத்தடியில ஆர் வந்தாலும் சுடுது சுடுது எண்டு கத்திக்கொண்டு தலையில ஊத்துறதுதான், முன்ன பின்ன தெரியாத அனுராதபுரத்து ஆச்சி ஒராள் ஒருக்கா என்ட முதுகுக்கே ஒரு வாளி ஊத்திவிட்டவ.

அங்கால அப்பிடியே எங்கட வீட்டுக்கும் வாங்கோ. பிளேன்ரீ போடுறன், சார்ஜன்ட அளவுக்கு வராது. அந்த என்ட்ரிக் கொப்பி இன்னும் லாச்சிக்குள்ள கிடக்கு. வாசிச்சுக் காட்டின ஆள் திறப்புக் கதை வாற இடத்தோட நிப்பாட்டிட்டார், கடைசி ரெண்டு வரி எழுத்து விளங்கேல்ல எண்டிட்டார். உங்கட சிநேகிதரில ஒராளை அதை முழுக்க வாசிச்சுச் சொல்லச் சொல்லுங்கோ, வேற என்ன சொல்லியிருக்கிறன் எண்டு எனக்கும் தெரிய வேணும்.