பழங்குடிப் பெண்களின் தொழில் கடன்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மலைப் பகுதிகளிலிருந்து வந்த கடிதங்களில் ஐந்தை இம்முறை எடுத்துக்கொண்டுள்ளேன். எழுதியவர்கள் அனைவரும் பழங்குடிப் பெண்கள். அவர்கள் வேண்டியபடி பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன்.

சாமையின் உமியை நீக்கி அரிசியாக்கி விற்க 8 லட்சம் ரூபாயில் திட்டம் போட்டிருக்கிறேன். எங்களிடம் இருப்பது வன உரிமைப் பட்டா மட்டுமே. அது அடமானத்துக்கு ஆகாது, வேறு பத்திரம் கொண்டுவாருங்கள் என்று வங்கியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். என்ன செய்வது?
— ஜவ்வாது மலை

பட்டாவைப் பற்றி வங்கி சொன்னது சரி. பத்திரம் கேட்டது தவறு. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி கிடைக்கும் நிலம் வாரிசுகளுக்குப் போகும், ஆனால் அதை விற்கவோ வேறொருவருக்கு மாற்றவோ முடியாது. கடன்காரரிடம் நிலம் பறிபோகாமல் இருப்பதற்காகச் சட்டம் போட்ட வேலி அது. திருமணமானவர்களுக்குக் கணவன், மனைவி இருவர் பெயரிலும் அந்த உரிமை பதிவாக வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. உங்கள் பட்டாவில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

குறு, சிறு தொழில்களுக்கு, நீங்கள் கேட்கும் அளவிலான கடனுக்குச் சொத்துப் பிணை கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. வங்கிக்குப் பாதுகாப்பு வேண்டுமென்றால், அதற்கென்றே அமைந்த கடன் உத்தரவாத நிதியத்தின் கீழ் உங்கள் கடனை அது சேர்த்துக்கொள்ளலாம். இதைவிட முக்கியமான இன்னொரு விதி உண்டு, ஆனால் மலைக் கிராமங்களில் அதை அறிந்தவர்கள் மிகக் குறைவு: பட்டியல் சாதியினர், பழங்குடியினர் தரும் கடன் விண்ணப்பத்தைக் கிளை அளவில் நிராகரிக்கக் கூடாது, அதற்கு மேல்நிலையில் உள்ள அதிகாரிதான், காரணத்தைத் தெளிவாகக் குறிப்பிட்டு நிராகரிக்க வேண்டும். ஆகவே வாய்மொழியாகச் சொன்ன 'இல்லை' என்ற பதிலுடன் திரும்பிவிடாதீர்கள். விண்ணப்பத்தை எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை வாங்குங்கள். அதன் பிறகும் அசையாவிட்டால், மாவட்டத்தின் வங்கிகளை ஒருங்கிணைக்கும் மாவட்ட முன்னோடி வங்கி மேலாளரிடம் அந்த ஒப்புகையுடன் செல்லுங்கள்.

மானியத்துக்கு உங்களுக்கு இரண்டு வழிகள் உள்ளன. பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் கிராமப்புறப் பழங்குடிப் பெண்ணுக்கு 35 சதவீத மானியம். சொந்தப் பங்கு 5 சதவீதம். உங்கள் கணக்கில், நீங்கள் போட வேண்டியது 40,000 ரூபாய். வங்கி தரும் 7,60,000 ரூபாயில் 2,80,000 ரூபாய்க்கு ஈடாக மானியம் மூன்று ஆண்டுகள் வைப்பில் இருக்கும். அந்தத் தொகைக்கு வட்டி கிடையாது. நிலத்தின் விலையைத் திட்டச் செலவில் சேர்க்க முடியாது. மற்றொன்று, மாநில அரசின் ஆதி திராவிடர் வீட்டுவசதி மற்றும் மேம்பாட்டுக் கழகமான தாட்கோ நடத்தும் முதலமைச்சரின் ஆதி திராவிடர் மற்றும் பழங்குடியினர் சமூக பொருளாதார மேம்பாட்டுத் திட்டம். அதிலும் 35 சதவீதம்தான், உச்சவரம்பு மூன்றரை லட்சம். ஆனால் 6 சதவீத வட்டி மானியமும் சேர்ந்து கிடைக்கிறது. ஒரே தொழிலுக்கு இரண்டு மானியம் பெற முடியாது என்பதால், உங்கள் நிலையில் நான் தாட்கோவைத்தான் முதலில் அணுகுவேன்.

நாங்கள் ஆறு பெண்கள் தோடர் பூத்தையல் செய்கிறோம். துணியும் நூலும் முன்பணமும் தரும் வியாபாரி, தாம் சொல்லும் விலைக்கே எடுத்துக்கொள்கிறார். கடன் வாங்கி நாங்களே விற்க முடியுமா?
— நீலகிரி

முடியும். ஆனால் உங்களுக்கு எந்த இடத்தில் பணம் தேவைப்படுகிறது என்பதை முதலில் கண்டுகொள்ள வேண்டும். பூத்தையலுக்கு இயந்திரம் வேண்டாம், கொட்டகை வேண்டாம். வெள்ளைத் துணியும், சிவப்பும் கறுப்புமான நூலும், இழை எண்ணித் தைக்கும் கண்ணும் விரலும் போதும். நூலை நீங்களும் வாங்கிவிடலாம். ஒரு போர்வையைத் தைத்து முடிக்கப் பல வாரங்கள், விற்றுக் காசாக இன்னும் சில வாரங்கள் என்று காத்திருக்கும் அந்தக் காலத்தில் வீட்டில் அடுப்பெரியப் பணம் தருபவராக இருப்பதுதான் வியாபாரியின் பலம். ஆகவே மூலப்பொருள் செலவோடு, மூன்று மாத வேலைக்கான கூலியையும் ஒவ்வொருவருக்கும் கணக்கிட்டு எழுதுங்கள். அதைச் சேர்க்காமல் வாங்கும் கடன் உங்களை மறுபடியும் அவர் வாசலிலேயே கொண்டு நிறுத்தும்.

தேசியப் பழங்குடியினர் நிதி மற்றும் மேம்பாட்டுக் கழகம் பழங்குடிப் பெண்களுக்கென்றே ஒரு கடன் திட்டம் வைத்திருக்கிறது. 2 லட்சம் ரூபாய் வரையிலான தொழிலுக்கு 90 சதவீதம் வரை கடன், ஆண்டு வட்டி 4 சதவீதம். தமிழ்நாட்டில் தாட்கோ வழியாக விண்ணப்பிக்க வேண்டும். 1,80,000 ரூபாய்க்கு முதல் ஆண்டு வட்டி 7,200 ரூபாய். மாதம் நூற்றுக்கு மூன்று வட்டிக்கு வெளியே வாங்கினால் அதே தொகைக்கு ஆண்டுக்கு 64,800 ரூபாய். ஆயினும் ஆறு பேரும் தனித்தனியாக முழுத் தொகையையும் வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. வங்கியுடன் இணைந்த சுய உதவிக் குழுவாக இருந்தால் 20 லட்சம் ரூபாய் வரை பிணையின்றிக் கடன் உண்டு. ஒரு சிறு தொகையுடன் தொடங்கி, ஒரு விற்பனைச் சுற்று முடிந்த பிறகு உயர்த்திக்கொள்ளுங்கள்.

தோடர் பூத்தையலுக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தக் குறியீட்டைப் பயன்படுத்த, தைப்பவர்கள் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகத் தனியே பதிவு செய்துகொள்ள வேண்டும். இயந்திரத்தில் போட்ட போலிகள் கடைகளில் தொங்கும்போது, உங்கள் விலைக்கு அந்தப் பதிவுதான் சாட்சி.

நாங்கள் ஊசிமணி, பாசிமணி விற்கும் நரிக்குறவர்கள். பழங்குடியினருக்கான கடன் எங்களுக்கும் கிடைக்குமா?
— திருச்சி மாவட்டம்

கிடைக்கும். 2022இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத் திருத்தத்தால் நரிக்குறவர், குருவிக்காரர் சமூகங்கள் தமிழ்நாட்டின் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கப்பட்டன. உங்கள் பழைய சான்றிதழில் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் என்று இருக்கும். அது இதற்குச் செல்லாது. கோட்டாட்சியரிடம் புதிய சான்றிதழ் பெறுங்கள். அது வரும் வரை காத்திருக்கத் தேவையில்லாத வழி, சிறு தொழில்களுக்கான மத்திய அரசுத் திட்டமான முத்ரா கடன்: அதன் முதல் படியான சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை, பிணை இல்லை, சாதிச் சான்றும் தேவையில்லை.

என் பெயரில் மானியக் கடன் எடுத்துத் தரும்படி கணவர் கேட்கிறார். கடையை அவரே நடத்துவாராம். கையெழுத்துப் போடலாமா?
— கொல்லிமலை

இந்தக் கேள்வியைக் கேட்டதற்காக உங்களைப் பாராட்டுகிறேன். கையெழுத்துப் போட்ட பின்னர் வந்து கேட்டவர்களையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன். எத்தனை லட்சம் கடன் என்றே தெரியாமல், வங்கி அறிவிப்பு வந்த பிறகுதான் தெரிந்துகொண்ட ஒரு தாயின் முகம் இன்னும் என் கண்முன் நிற்கிறது.

கடன் யார் பெயரில் இருக்கிறதோ அவரிடம்தான் வங்கி வசூலிக்கும். தவணை தவறினால் கெடுவது உங்கள் கடன் வரலாறு. பிற்காலத்தில் நீங்கள் சொந்தமாக ஏதேனும் தொடங்க நினைத்தால் அது குறுக்கே நிற்கும். உங்கள் கணவரும் பழங்குடியினர் என்றால், மேலே சொன்ன தாட்கோ மானியத் திட்டத்துக்கு அவரே விண்ணப்பிக்கலாம். அது ஆண்களுக்கும் உண்டு. உங்கள் பெயரில்தான் என்றால், தொழிலும் உங்களுடையதாக இருக்கட்டும்: குறு, சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவு உங்கள் பெயரில் (அதற்குக் கட்டணம் கிடையாது), வங்கிக் கணக்கில் இணைந்த கைபேசி எண் உங்களுடையது, அந்தக் கைபேசியும் உங்கள் கையில். ரகசிய எண் வருவது அவருடைய கைபேசிக்கு என்றால், கணக்கு உங்களுடையதல்ல.

பிரதமர் திட்டத்தில் கடன் வாங்கி நான்கு ஆண்டுகளாகக் காப்பி, மிளகு அரைத்துப் பொட்டலமிடுகிறேன். கடனை முடித்துவிட்டேன். விரிவாக்க உதவி உண்டா?
— ஏற்காடு

முதல் கடனை உரிய காலத்தில் முடித்து, இலாபத்தில் நடத்துபவருக்கு அதே திட்டத்தில் இரண்டாம் கடன் உண்டு. உற்பத்தித் தொழிலுக்கு ஒரு கோடி ரூபாய் வரை திட்டச் செலவு, மானியம் 15 சதவீதம். மாநில அரசு 2023இல் தொடங்கிய அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 சதவீதம், ஒன்றரைக் கோடி ரூபாய் வரை, அதோடு 6 சதவீத வட்டி மானியம். தொகையைப் பார்த்தால் பின்னதே மேல். முன்பு மானியம் பெற்றதை மறைக்காமல் மாவட்டத் தொழில் மையத்தில் சொல்லி, விரிவாக்கத்துக்குத் தகுதி உண்டா என்று எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். வெளியாரைப் பங்குதாரராகச் சேர்க்கும் எண்ணம் இருந்தால் ஒத்திவையுங்கள். நிறுவனம் முழுவதும் பட்டியல் சாதி, பழங்குடியினர் உடைமையாக இருக்க வேண்டும் என்று இத்திட்டம் கேட்கிறது.

கடன் முடிந்ததற்கான சான்றையும், ஆண்டுக் கணக்குகளையும், இயந்திர விலைப்புள்ளிகளையும் இப்போதே சேர்த்து வையுங்கள். ஆனி மாதத்துக்குள் விண்ணப்பித்துவிட்டால், கார்த்திகையில் பழம் பறிக்கத் தொடங்கும்போது கையில் பணம் இருக்க வாய்ப்பு அதிகம்.